சாவின் செலவை யார் சுமக்கிறார்கள்?

(அண்ணல் அம்பேத்கர் நினைவு நாளில் ஆற்றிய நினைவுப் பேருரையின் எழுத்து வடிவம்)



டிசம்பர் 6 அன்று அண்ணலைப் பற்றிப் பேச எத்தனையோ இருக்கிறது. அவர் வாழ்வில் நாம் குறைவாகப் பேசுகிற நான்கு ஆண்டுகளிலிருந்து நான் தொடங்குகிறேன். 1942 முதல் 1946 வரை அவர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்கான நலநிதி, சுரங்கப் பெண்களுக்கான பேறுகாலப் பயன், பின்னாளில் இஎஸ்ஐ ஆக வந்த காப்பீட்டுக்கான தொடக்க வேலைகள் எல்லாம் அந்த ஆண்டுகளைச் சேர்ந்தவை. வேலை ஒரு மனிதனின் உடம்பை என்ன செய்கிறது, அதற்கான செலவை யார் ஏற்பது என்ற கேள்வி அவருடைய மேசையில் இருந்த காலம் அது.

அதற்கு முன்பே, 1938 பிப்ரவரியில் மன்மாடில் நடந்த ரயில்வேத் தொழிலாளர் மாநாட்டில் அவர் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். பஞ்சாலைகளில் தீண்டப்படாதவர்களை நெசவுப் பிரிவில் சேர்ப்பதில்லை. நல்ல கூலி கிடைக்கிற பிரிவு அது. ரயில்வேயில் நம் ஆட்கள் ஆயுள் முழுக்கப் பாதை பராமரிக்கும் கேங்மேன்களாகவே இருந்தார்கள். எந்த வேலைக்கு யார் போவது என்பதைச் சாதி தீர்மானிக்கிறது என்று அவர் சொன்னார். அதோடு நான் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். எந்த வேலையில் யார் சாவது என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது.

ஒன்றிய அரசின் நமஸ்தே திட்டத்தின் கீழ் 2024 வரை கணக்கெடுக்கப்பட்ட கழிவுநீர், மலக்குழித் தொழிலாளர்கள் சுமார் 38,000 பேர். அவர்களில் ஏறத்தாழ 92 விழுக்காட்டினர் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்புகளைச் சேர்ந்தவர்கள். பட்டியல் சாதியினர் மட்டும் சுமார் 69 விழுக்காடு. இந்திய மக்கள்தொகையில் நம் பங்கு 2011 கணக்குப்படி 16.6 விழுக்காடு. சாக்கடைக்குள் நம் பங்கு அதைப் போல நான்கு மடங்கு. 1993க்குப் பிறகு இந்த வேலையில் இறந்தவர்கள் என்று நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட கணக்குகளில் தமிழ்நாடு பட்டியலின் உச்சியில் இருக்கிறது. இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள். சமூகநீதி மண் என்று நாம் மேடைதோறும் சொல்லிக்கொள்கிற மாநிலம் இது.

பிணவறை வாசலில் ஒரு முத்திரைத் தாள்

சில ஆண்டுகளுக்கு முன், 2023 தீர்ப்புக்கு முன்பு, சென்னையின் புறநகரில் நடந்த ஒரு சாவைப் பற்றிச் சொல்கிறேன். பெயர்களைச் சொல்லப்போவதில்லை. அந்தக் குடும்பம் இன்னும் அங்கேதான் வாழ்கிறது.

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மலக்குழி நிரம்பிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் லாரிக்குக் கூடுதல் வாடகை கேட்டார்கள். ஒப்பந்தக்காரர் தெரிந்த ஆளுக்குப் போன் போட்டார். அவர் தன் மச்சானைக் கூட்டிக்கொண்டு போனார். முதலில் ஒருவர் இறங்கினார், சத்தமே இல்லாமல் விழுந்தார். மேலே நின்ற மச்சான் ஒரு நொடியும் யோசிக்காமல் குதித்தார். இருவரும் பிணமாகத்தான் வந்தார்கள்.

மலக்குழியில் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை போல் நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. அதற்கும் மேலே போனால் இரண்டு மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவார். அதனால்தான் இந்தச் சாவுகள் ஒற்றையாக வருவதில்லை. காப்பாற்ற இறங்குகிறவரும் சாகிறார். இங்கே சமூகவியல் படிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த வேலைக்கு ஆள் சேர்ப்பது சொந்தத்துக்குள்ளேயே நடக்கிறது. அண்ணன் தம்பியை அழைக்கிறார், மாமன் மருமகனை அழைக்கிறார். எனவே காப்பாற்றக் குதிக்கிறவரும் சொந்தக்காரராகவே இருக்கிறார். அன்று அந்தப் பெண் ஒரே நாளில் கணவனையும் அண்ணனையும் இழந்தார். அவருடைய தாய் மகனையும் மருமகனையும் இழந்தார். அரசுக் குறிப்பில் இது ஒரு சம்பவம், இரண்டு மரணம். அந்த வீட்டிலோ சம்பாதித்துக் கொண்டிருந்த எல்லாரும் போய்விட்டார்கள்.

மறுநாள் பிணவறை வாசலுக்கு ஒப்பந்தக்காரரின் ஆள் ஒரு கவரோடும் முத்திரைத் தாளோடும் வந்தார். ஆளுக்கு இரண்டு லட்சம், வழக்கு வேண்டாம், கையெழுத்துப் போட்டால் உடம்பை வாங்கிக்கொண்டு போகலாம் என்றார். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “அக்கா, இந்தக் காச வாங்கிட்டா அவரு செத்தது அவரு தப்புன்னு ஆயிடும்ல?”

எம்.ஏ. வகுப்பில் இரண்டு ஆண்டு படித்த எந்தக் கோட்பாடும் எனக்கு அப்போது கைகொடுக்கவில்லை. “ஆமாம்மா, ஆயிடும்” என்று மட்டும் சொன்னேன். அவர் கையெழுத்துப் போடவில்லை.

வாக்கியத்தில் காணாமல் போனவர்

நாம் இலக்கியத்துக்காகக் கூடுகிறவர்கள். ஆகவே மறுநாள் செய்தித்தாளில் வந்த வாக்கியத்தைப் பார்ப்போம். ‘விஷவாயு தாக்கி 2 தொழிலாளர்கள் பலி.’ இந்தத் தலைப்பை நீங்கள் நூறு முறை படித்திருப்பீர்கள். தாக்கியது யார்? விஷவாயு. இறங்கச் சொன்னவர், லாரி வாடகையை மிச்சம் பிடித்தவர், அந்தக் குழியைக் கட்டியவர், எவரும் இந்த வாக்கியத்தில் இல்லை. கடைசியில் ‘பலி’ என்ற சொல். பலி என்றால் யாரோ ஒருவருடைய நன்மைக்காகக் கொடுக்கப்படுவது. அந்த ஒரு சொல் மட்டும் தெரியாமல் உண்மையைச் சொல்லிவிடுகிறது.

காவல் நிலையத்திலும் இதே இலக்கணம்தான். முதல் தகவல் அறிக்கை பெரும்பாலும் சந்தேக மரணம் அல்லது கவனக்குறைவால் மரணம் என்றே எழுதப்படும். 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பு இல்லாமல் சாக்கடையிலும் மலக்குழியிலும் மனிதரை இறக்குவதைத் தடை செய்கிறது. முதல் முறை மீறினாலே இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. மலம் அள்ளும் வேலையில் நம்மை ஈடுபடுத்துவது 2015 திருத்தத்துக்குப் பிறகு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் குற்றம். இந்தச் சட்டங்களின் பெயர் அறிக்கையில் ஏற வேண்டுமென்றால் நாம் நிலையத்தில் உட்கார வேண்டியிருக்கிறது.

டெல்லியிலும் அப்படியே. 2021 ஜூலையில் ஒன்றிய அரசு மாநிலங்களவையில், கடந்த ஐந்து ஆண்டுகளில் கையால் மலம் அள்ளியதால் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்றது. சாக்கடைக்குள் இறந்தவர்களை வேறு தலைப்பில் வைத்துவிட்டால் இந்த வாக்கியம் பொய்யாகாது. தலைப்பை மாற்றினால் பிணத்தை மறைத்துவிட முடிகிறது.

சட்டம் போடும் கணக்கு

இப்போது பணத்துக்கு வருவோம். உலகத் தொழிலாளர் அமைப்பின் மதிப்பீட்டின்படி, வேலையிட விபத்துகளாலும் வேலையால் வரும் நோய்களாலும் ஏற்படும் இழப்பு உலக உற்பத்தி மதிப்பில் சுமார் 4 விழுக்காடு. கருத்தரங்குகளில் அடிக்கடி காட்டப்படும் எண் இது. உலகம் இழக்கிறது என்று சொன்னால் எல்லோரும் சமமாக இழப்பதுபோல் ஆகிவிடும். யாருடைய பையிலிருந்து எவ்வளவு போகிறது என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும். தொழிலாளர் பாதுகாப்பில் நெடுங்கால அனுபவமுள்ள பிரிட்டனிலேயே, அரசு போடும் கணக்கின்படி இந்தச் செலவில் பாதிக்கும் மேல் விழுவது தொழிலாளர் மீதும் அவர்கள் குடும்பத்தின் மீதும்தான். முதலாளியின் பங்கு அதைவிடக் குறைவு. இங்கே எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நம்முடைய சட்டத்தையே எடுத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாணவர்கள் எழுதிக்கொள்ளலாம்.

35 வயதுத் தொழிலாளி. மாதம் 18,000 ரூபாய் கூலி. மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என நான்கு பேர் அவரை நம்பி இருக்கிறார்கள். அவர் வேலையில் இறக்கிறார். 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டப்படி மாதக் கூலியில் பாதியை எடுத்து, வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டியிருந்தது. 35 வயதுக்குக் காரணி 197.06. ஆனால் கூலிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 2010 முதல் ஏறத்தாழ பத்தாண்டுகள் அது 8,000 ரூபாயாக இருந்தது. 2020 ஜனவரியில் 15,000 ஆக்கினார்கள். எனவே 18,000 வாங்கியவர் 15,000 வாங்கியவராகக் கருதப்படுவார். பாதி 7,500. அதை 197.06ஆல் பெருக்கினால் 14,77,950 ரூபாய்.

அதே மனிதர், அதே கூலி, அதே குடும்பம். அவர் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது சாலையில் ஒரு கார் மோதி இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் உச்ச நீதிமன்றத்தின் 2009, 2017 தீர்ப்புகள் வகுத்த முறையில் கணக்கிடும். கூலிக்கு உச்சவரம்பு கிடையாது. வருங்காலத்தில் கூலி உயரும் என்று 40 விழுக்காடு சேர்ப்பார்கள், 25,200 ஆகிறது. அவருடைய சொந்தச் செலவு என்று நான்கில் ஒரு பங்கை மட்டும் கழிப்பார்கள், 18,900. ஆண்டுக்கு 2,26,800. 35 வயதுக்குப் பெருக்கெண் 16. மொத்தம் 36,28,800 ரூபாய். மற்ற சில்லறைத் தலைப்புகள் தனி.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ரோட்டில் செத்தால் 36 லட்சம். முதலாளிக்கு உழைக்கும்போது செத்தால் 15 லட்சத்துக்கும் கீழே. தொழிலாளிச் சட்டம் அவருடைய கூலியில் பாதியை அவரே தின்றுவிடுவார் என்று கருதுகிறது. நான்கு பேருக்குச் சோறு போடுகிற ஓர் ஆள் தன் கூலியில் பாதியைத் தனக்கென்று செலவழிப்பதை நம் தெருவில் யாராவது பார்த்திருக்கிறீர்களா? அவருடைய கூலி உயரும் என்பதையும் அது ஏற்பதில்லை. 2020இல் நிறைவேற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் இந்தச் சட்டத்தை உள்வாங்கிக்கொண்டபோதும், பாதிக் கூலி, காரணி என்ற இந்த அமைப்பை மாற்றவில்லை.

சாக்கடைச் சாவுகளுக்கு மட்டும் போராடி ஒரு தனி வழி திறந்திருக்கிறோம். சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் தொடுத்த வழக்கில் 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 1993 முதல் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் என்றது. 2023 அக்டோபரில் வந்த தீர்ப்பு அதை 30 லட்சமாக்கியது. இது பெரிய வெற்றி. ஆனால் பட்டாசு ஆலையில் இறக்கிறவருக்கு இது கிடையாது. கட்டடத்தில் இறக்கிறவருக்குக் கிடையாது. 2014இல் சென்னை மௌலிவாக்கத்தில் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். 2012இல் சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஏறத்தாழ நாற்பது பேர் கருகினார்கள், அவர்களில் பலர் காப்பாற்ற ஓடிப்போன ஊர்க்காரர்கள். அவர்கள் அந்த ஆலையின் வேலையாட்களே இல்லை என்பதால் இழப்பீட்டுச் சட்டத்தின் கணக்கில்கூட வரமாட்டார்கள்.

வீடு போடும் கணக்கு

சட்டத்தின் கணக்கு ஒரு எண்ணில் முடிகிறது. வீட்டின் கணக்கு அந்த எண் வருவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

நான் சொன்ன குடும்பத்துக்குப் பணம் வர ஓராண்டுக்கு மேல் ஆனது. அந்த ஓராண்டில் நடந்ததை அந்தப் பெண் ஒரு பள்ளி நோட்டில் எழுதி வைத்திருந்தார். அடக்கச் செலவுக்கு வட்டிக்கு வாங்கியது. பதினாறாம் நாளுக்கு மறுபடி வாங்கியது. மகளிர் குழுக் கடனின் வாரத் தவணை, ஆள் செத்தாலும் தவணை நிற்காது. வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகம் போனது பதினொரு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போச்சு, ஆட்டோவுக்கும் போச்சு. சான்றிதழில் பெயர் ஓர் எழுத்து மாறியிருந்ததால் மறுபடியும் முதலிலிருந்து. வாடகைக்கு இருந்த வீட்டைக் காலி செய்தது. மூத்த மகள் பிளஸ் டூ பாதியில் நின்று ஜவுளிக்கடைக்குப் போனது. அந்த நோட்டில் மகளின் படிப்புக்கு நேராக எந்தத் தொகையும் இல்லை. வெறும் கோடு மட்டும் இருந்தது. அதற்கு என்ன விலை எழுதுவதென்று அவருக்குத் தெரியவில்லை. எந்தப் பொருளாதார நிபுணருக்கும் தெரியாது.

பணம் வந்த பிறகும் செலவு நிற்கவில்லை. மாமியார் வீட்டுக்கும் மருமகளுக்கும் பங்குத் தகராறு வந்தது. இரண்டு பக்கமும் தவித்தவர்கள்தான். மகனைப் பறிகொடுத்த தாய்க்கும் அந்தப் பணத்தில் உரிமை உண்டு, பிள்ளைகளை வளர்க்க வேண்டியவளுக்கும் உண்டு. ஒருவர் சாவு இரண்டு குடும்பங்களின் உறவையும் அறுத்துவிட்டது. “புருஷன் செத்த காசுல புடவை கட்டுறா” என்று தெருவில் பேசினார்கள். இளம் விதவை கையில் பணம் இருந்தால் ஊர் என்ன பேசும் என்று உங்களுக்குத் தெரியும். இதையும் அவள்தான் சுமந்தாள்.

பிறகு ஒரு நாள் நல்ல செய்தி என்று ஒருவர் வந்தார். மகனுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டதால் வேலை வாங்கித் தருகிறோம் என்றார். என்ன வேலை? தூய்மைப் பணி, ஒப்பந்தத்தில்.

தகழியின் ‘தோட்டியின் மகன்’ நாவலைச் சுந்தர ராமசாமியின் தமிழில் நீங்கள் படித்திருப்பீர்கள். 1947இல் வந்த கதை. மூன்று தலைமுறையாக வாளி கைமாறுகிறது. நடுவில் ஒரு தகப்பன் தன் மகனை அதிலிருந்து காப்பாற்றப் படாதபாடு படுகிறான், முடியவில்லை. இன்று அந்த வாளி கருணை என்ற பெயரில் கைமாறுகிறது. தகப்பனைக் கொன்ற குழியை மகனுக்கு மறுவாழ்வு என்று கொடுக்கிறோம். சாதித் தொழில் எப்படித் தொடர்கிறது என்று ஆய்வு செய்கிறவர்கள் மனுவை மட்டும் படித்தால் போதாது. நகராட்சிகளின் பணி நியமனக் கோப்புகளையும் படிக்க வேண்டும்.

அந்தத் தாய் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். “பட்டினி கிடந்தாலும் பரவால்ல, அந்தக் குழிய மட்டும் அவன் பாக்கக் கூடாது.” இதைச் சொல்லும்போது அவர் அதே புறநகரில் இன்னோர் அடுக்குமாடியில் மூன்று வீடுகளுக்குப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். அரசு தர வேண்டிய மறுவாழ்வை அவர் தன் கைகளால் தந்தார்.

மலிவான சாவு

இப்போது எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். குழியை எந்திரத்தால் சுத்தம் செய்ய ஒரு செலவு. ஆளை இறக்கினால் அதைவிடக் குறைவு. ஆள் செத்தால் பிணவறை வாசலில் இரண்டு லட்சம். தண்டனை பெரும்பாலும் இல்லை. மிச்சச் செலவை எல்லாம், தவணையை, வாரிசுச் சான்றிதழை, நின்றுபோன படிப்பை, மூன்று வீட்டுப் பாத்திரங்களை, ஒரு பெண் சுமப்பாள். இந்தக் கணக்கு இப்படி இருக்கும்வரை ஒப்பந்தக்காரர் எந்திரத்தை ஏன் வாங்க வேண்டும்? சாவு மலிவாக இருப்பதால்தான் சாவு தொடர்கிறது. அதை மலிவாக வைத்திருப்பது சாதி. வேறு வேலை இல்லாத ஆளும், கேள்வி கேட்க ஆளில்லாத குடும்பமும் எப்போதும் கிடைக்கும்படி அது பார்த்துக்கொள்கிறது.

பணத்தைக் கேட்பது உயிருக்கு விலை வைப்பதாகாதா என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. உயிருக்கு விலை ஏற்கெனவே வைக்கப்பட்டிருக்கிறது தோழர்களே. அது மிகக் குறைவாக வைக்கப்பட்டிருக்கிறது. அதை உயர்த்துவது இந்த வேலையையே கட்டுப்படியாகாததாக்கும் ஒரு வழி. அதோடு சிறைத் தண்டனையும் சேர வேண்டும். பணம் மட்டும் இருந்தால் வசதியுள்ளவர்கள் அதைக் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

நாம் செய்ய வேண்டியவை

செயல்பாட்டாளர்களுக்குச் சில வார்த்தைகள். சாவுச் செய்தி வந்தால் முதல் இரண்டு நாள் முக்கியம். முதல் தகவல் அறிக்கையில் 2013 சட்டமும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் ஏறாமல் நகராதீர்கள். பிணவறை வாசலில் நீட்டப்படும் முத்திரைத் தாளுக்குச் சட்டத்தில் மதிப்பில்லை என்பதைக் குடும்பத்துக்குச் சொல்லுங்கள். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்பது 1923 சட்டத்திலேயே இருந்தது. சாவுக்கான இழப்பீட்டைக் குடும்பத்தின் கையில் கொடுத்தேன் என்று முதலாளி சொல்ல முடியாது, ஆணையரிடம்தான் செலுத்த வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் தாமதித்தால் 12 விழுக்காடு வட்டி உண்டு. ஒப்பந்தக்காரர் ஓடிவிட்டால் வேலையை ஒப்படைத்தவர் பொறுப்பு. மறுவாழ்வு வேலை என்றால் துடைப்பம் இல்லாத வேலை என்று எழுதிக் கேளுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சாவு நடந்த வாரத்தில் எல்லோரும் போகிறோம். ஓராண்டு கழித்து யார் போகிறோம்? ஐந்தாண்டு கழித்து? உங்கள் மாவட்டத்தில் வேலையில் இறந்த ஒருவரின் வீட்டை ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளுங்கள். பணம் வந்ததா, எப்போது, யார் கையில், எந்தப் பிள்ளை படிப்பை விட்டது என்று எழுதுங்கள். ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தில் 2017இல் திவ்யபாரதி நம்மைப் பார்க்க வைத்தார். பார்த்ததைத் தொடர்ந்து பதிவுசெய்வது நம் வேலை. அப்படிச் சேரும் நோட்டுகள்தான் நாளை நீதிமன்றத்தில் நமக்குச் சான்று.

எழுதுகிற தோழர்களுக்கும் ஒன்று. இறந்தவரைச் சாவிலிருந்து தொடங்காதீர்கள். நான் சொன்ன மனிதர் நன்றாகப் பறை அடிப்பார், மகளைப் பள்ளிக்குத் தினமும் சைக்கிளில் கொண்டுபோய் விடுவார், மீன் குழம்பு அவர்தான் வைப்பார். இவை எந்த அறிக்கையிலும் இல்லை.

அந்த மகள் இப்போது தனித்தேர்வராகப் பிளஸ் டூ எழுதித் தேறிவிட்டாள். மாலைக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். போன மாதம் போன் செய்தபோது அம்மாவின் அந்த நோட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறாயா என்று கேட்டேன். “வச்சிருக்கேன் பெரியம்மா. அதுல மிச்சப் பக்கத்துல நான் எழுதிட்டு இருக்கேன்” என்றாள்.

அந்தக் கோடு போட்ட இடத்துக்கு நேராக அவள் என்ன எழுதப்போகிறாள் என்று படிக்கக் காத்திருக்கிறேன்.